மின்தொகுப்பை நிலைப்படுத்தும் கருவிகளுக்கு இத்தனை கிராக்கி ஏன்?

கேள்வி இதுதான்: ஸ்டாட்காம், சிங்க்ரோனஸ் கண்டென்சர் போன்ற, மின்கடத்தல் தொகுப்பை நிலைப்படுத்தும் கருவிகளின் சந்தை வேகமாக வளர்வதாகச் சந்தை ஆய்வறிக்கைகள் சொல்கின்றன. இது உண்மையான தேவையா, விற்பவர்கள் கிளப்பிவிடும் பரபரப்பா? இந்தியாவில் இதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது? பேட்டரிகள் மலிவாகிக்கொண்டே வரும்போது இந்தக் கருவிகளெல்லாம் சில ஆண்டுகளில் தேவையற்றுப் போய்விடாதா?

தேவை உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இது கைப்பேசிச் சந்தையைப் போலவோ சூரியத் தகடுச் சந்தையைப் போலவோ வளரும் சந்தை அன்று. வாங்குபவர்கள் ஒரு நாட்டில் ஒருவரோ இருவரோதான். அவர்களும் தம் விருப்பப்படி வாங்குவதில்லை. ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தால் வாங்குவார்கள். தொழில்நுட்ப விதி கட்டாயப்படுத்தினால் வாங்குவார்கள். அந்த விதியோ, பெரும்பாலும் ஒரு பெரிய மின்தடை நிகழ்ந்து, விசாரணைக் குழு அறிக்கை கொடுத்த பிறகே எழுதப்படுகிறது. ஆகவே இந்தச் சந்தையின் போக்கை அறிய விரும்புபவர் வளர்ச்சி விகிதங்களை விட்டுவிட்டு, எந்த நாட்டில் எந்த விதி மாறுகிறது என்பதைப் பார்ப்பதே நல்லது.

ஆய்வறிக்கைகளின் எண்களை நான் அதிகம் பொருட்படுத்துவதில்லை. ஒரு நிறுவனம், வோல்டேஜை மின்னணு முறையில் சீர்செய்யும் கருவிகளான ஸ்டாட்காமையும் எஸ்விசியையும் மட்டும் கணக்கில் எடுக்கும். இன்னொன்று தொடர் கெபாசிட்டர்களையும் சேர்க்கும். மூன்றாவது உயர் அழுத்த நேர்மின் இணைப்புகளையும் பேட்டரிகளையும் ஒரே கூடையில் போட்டுவிடும். மூன்று அறிக்கைகளும் மூன்று தொகைகளைச் சொல்வதில் வியப்பேதுமில்லை. நம்பத்தக்க பின்புலம் வேண்டுமென்றால் சர்வதேச எரிசக்தி முகமை 2023 அக்டோபரில் வெளியிட்ட மின்தொகுப்பு அறிக்கையைப் பார்க்கலாம். உலகில் மின்தொகுப்புகளில் செய்யப்படும் முதலீடு அதற்கு முந்தைய சுமார் பத்தாண்டுகளாக ஆண்டுக்கு 300 பில்லியன் டாலர் என்ற அளவிலேயே நின்றிருந்தது என்றும், நாடுகள் அறிவித்துள்ள காலநிலை இலக்குகள் நிறைவேற வேண்டுமானால் 2030-க்குள் அது 600 பில்லியனைத் தாண்ட வேண்டும் என்றும் அது சொன்னது. முற்றிய நிலைக்கு வந்த புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் திட்டங்களில் 1,500 கிகாவாட் அளவுக்கு மின்தொகுப்பு இணைப்புக்காகக் காத்திருப்பதாகவும் அதே அறிக்கை கணக்கிட்டது. நிலைப்படுத்தும் கருவிகள் இந்தப் பெருந்தொகையில் ஒரு சிறு பங்குதான். ஆனால் அந்தச் சிறு பங்கு இல்லாவிட்டால் மற்றப் பங்கைக் கொண்டு கட்டிய கம்பித்தடங்களில் முழு மின்சாரத்தையும் அனுப்ப முடியாது.

ஏன் முடியாது என்பதைச் சொல்லியாக வேண்டும். அனல், நீர், அணு மின்நிலையங்களில் பல நூறு டன் எடையுள்ள சுழலிகள் தொகுப்பின் அதிர்வெண்ணோடு ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. ஏதோ ஒரு நிலையம் திடீரென்று டிரிப் ஆனால், மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் தையல் மிஷினின் சக்கரம் சற்று நேரம் சுற்றுவதைப் போல, மற்றச் சுழலிகளில் சேர்ந்திருக்கும் சுழற்சி ஆற்றல் முதல் சில விநாடிகளுக்குத் தொகுப்பைத் தாங்கிப் பிடிக்கும். அதற்குள் நீராவி வால்வுகளும் மதகுகளும் திறந்து கூடுதல் உற்பத்தி வந்துவிடும். இந்தத் தாங்குதிறனைத்தான் இனர்ஷியா என்கிறோம். அதே சுழலிகள் வேறு இரண்டு வேலைகளையும் சத்தமில்லாமல் செய்துவந்தன: ரியாக்டிவ் பவரை, அதாவது தான் வேலை எதுவும் செய்யாமல் தொகுப்புக்குள் போய்வந்து வோல்டேஜைத் தாங்கும் மின்திறனை, கொடுத்தும் வாங்கியும் வோல்டேஜைச் சரியான அளவில் வைத்திருந்தன; எங்காவது ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டால் தம் வழக்கமான மின்னோட்டத்தைப் போல் பல மடங்கைக் கொட்டி, பழுது நேர்ந்த இடத்தைப் பாதுகாப்பு ரிலேக்கள் கண்டுபிடிக்க உதவின. இவற்றுக்கெல்லாம் யாரும் தனியாகக் காசு கொடுத்ததில்லை. மின்சாரத்தோடு இலவசமாக வந்தவை. சூரிய மின்நிலையங்களும் புதிய காற்றாலைகளும் இன்வெர்ட்டர் வழியாகத் தொகுப்போடு இணைகின்றன. வழக்கமான இன்வெர்ட்டர், தொகுப்பில் ஏற்கெனவே உள்ள வோல்டேஜைப் பார்த்து அதைப் பின்தொடர்வது. இனர்ஷியா அதனிடம் இயல்பாகக் கிடையாது. பழுதின்போது அது தரும் மின்னோட்டமும் அதன் வழக்கமான அளவைச் சற்றே தாண்டுவதோடு நின்றுவிடும். இலவசமாக வந்தது நின்றுபோனால் அதை விலை கொடுத்து வாங்க வேண்டியதாகிறது. சந்தை பிறந்த இடம் அதுவே.

விற்பனையில் உள்ள கருவிகளில் ஆகப் பழையது சிங்க்ரோனஸ் கண்டென்சர். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். அது டர்பைன் இணைக்கப்படாத ஒரு பெரிய ஜெனரேட்டர், தொகுப்பிலிருந்து சிறிது மின்சாரம் எடுத்துக்கொண்டு சும்மா சுற்றிக்கொண்டிருப்பது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பயன்பாட்டில் இருந்தது. 1970-களில் தைரிஸ்டர் வைத்த எஸ்விசி வந்ததும், தேய்மானமும் எண்ணெய்ப் பராமரிப்பும் தேவைப்படும் இந்தச் சுழலும் இயந்திரம் ஓரங்கட்டப்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மின்சக்தி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய, இந்தியாவில் பிறந்த நரேன் ஹிங்கோரானி, இத்தகைய மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தையும் ஃபேக்ட்ஸ் என்ற ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்தார். ஸ்டாட்காம் அந்தக் குடும்பத்தில் அடுத்த தலைமுறை. அமெரிக்காவில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் சலிவன் துணைமின்நிலையத்தில் 100 மெகாவார் (ரியாக்டிவ் பவரை அளக்கும் அலகு) திறனுள்ள ஸ்டாட்காம் 1995-இல் இயங்கத் தொடங்கியது. எஸ்விசியைவிட ஸ்டாட்காம் உயர்ந்தது என்பதற்கு ஒரே காரணம் போதும். வோல்டேஜ் பாதியாகக் குறைந்தால் எஸ்விசி தரக்கூடிய ரியாக்டிவ் பவர் கால்பங்காகிவிடும். ஸ்டாட்காமில் அது பாதியாகத்தான் குறையும். கருவி அதிகம் தேவைப்படுகிற அந்தக் கணத்தில் எது கைகொடுக்கும் என்பது இதிலிருந்தே விளங்கும். ஆனால் ஸ்டாட்காமிடமும் இனர்ஷியா இல்லை. அதனால்தான் ஓரங்கட்டப்பட்ட பழைய சுழலும் இயந்திரம், இப்போது கனமான ஃபிளைவீலையும் இணைத்துக்கொண்டு, மீண்டும் விற்பனைக்கு வந்திருக்கிறது. ஜெர்மனியில் மூடப்பட்ட பிப்லிஸ் அணுமின் நிலையத்தின் ஜெனரேட்டர் ஒன்றையே 2012-இல் சிங்க்ரோனஸ் கண்டென்சராக மாற்றிச் சில ஆண்டுகள் ஓட்டினார்கள்.

விதியும் விபத்தும் சந்தையை எப்படி உருவாக்குகின்றன என்பதற்குத் தென் ஆஸ்திரேலியாவைவிடத் தெளிவான பாடம் இல்லை. 2016 செப்டம்பர் 28 அன்று மாலை கடும் புயலில் மின்கோபுரங்கள் சரிந்தன. இரண்டு நிமிடங்களுக்குள் தொகுப்பில் ஆறு முறை வோல்டேஜ் சட்டென்று இறங்கி ஏறியது. அங்கிருந்த காற்றாலைகள் பலவற்றின் கட்டுப்பாட்டு மென்பொருளில், குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை முறைக்கு மேல் வோல்டேஜ் இறங்கினால் தன்னைத் துண்டித்துக்கொள் அல்லது உற்பத்தியைக் குறை என்று ஓர் அமைப்பு இருந்தது. தொகுப்பை இயக்கும் ஏஇஎம்ஓ அமைப்புக்கு அப்படியொரு வரம்பு இருப்பதே தெரியாது. ஒன்பது காற்றாலைப் பண்ணைகளில் சில விநாடிகளுக்குள் 456 மெகாவாட் மறைந்தது. அந்தப் பற்றாக்குறை முழுவதும் விக்டோரியாவிலிருந்து வரும் ஹேவுட் இணைப்பின் மீது விழுந்தது. அது தாங்காமல் துண்டித்துக்கொண்டது. மாநிலம் முழுவதும், ஏறத்தாழ 8,50,000 வாடிக்கையாளர்கள், இருளில் மூழ்கினர். காற்றாலைகள் வேண்டுமா வேண்டாமா என்று அரசியல்வாதிகள் சண்டையிட்டுக்கொண்டிருந்தபோது, பொறியாளர்கள் கண்டறிந்த காரணம் கணினியில் போட்டுவைத்த ஒரு சிறு எண்ணாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சந்தைக் கோணத்தில் கவனிக்க வேண்டும். காற்று எவ்வளவு வீசினாலும், மின்சார விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், குறைந்தது சில எரிவாயு நிலையங்கள் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஏஇஎம்ஓ கட்டளையிட்டது. மின்சாரத்துக்காக அன்றி, அவற்றின் சுழற்சிக்காகவே அவற்றை ஓட்டியதால், நிலைய உரிமையாளர்களுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவு கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான், கடத்தல் நிறுவனமான எலக்ட்ராநெட் டாவன்போர்ட்டில் இரண்டும் ராபர்ட்ஸ்டவுனில் இரண்டுமாக, ஃபிளைவீல் பொருத்திய நான்கு சிங்க்ரோனஸ் கண்டென்சர்களை நிறுவுவதற்கான கணக்கு எடுபட்டது. சுமார் 166 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் செலவில் 2021-இல் அவை வேலைக்கு வந்தன. கட்டாயமாக ஓட வேண்டிய எரிவாயு இயந்திரங்களின் எண்ணிக்கை நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தது. இதனிடையே 2017 இறுதியில் டெஸ்லா அமைத்த 100 மெகாவாட் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி, அதிர்வெண் சேவைகளை விற்றே நன்றாகச் சம்பாதிக்க முடியும் என்று காட்டியது. ஒரே விபத்திலிருந்து இரண்டு வகை வியாபாரங்கள் முளைத்தன: ஒன்றில் கடத்தல் நிறுவனம் கருவியை வாங்கி, செலவைக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்கிறது, மற்றொன்றில் தனியார் ஒருவர் கருவியை நிறுவி, சேவையை விற்கிறார்.

பிரிட்டன் இரண்டாவது வழியை முறைப்படுத்தியது. 2019 ஆகஸ்ட் 9 அன்று ஒரு மின்னல் தாக்குதலை அடுத்து ஹார்ன்சீ கடல் காற்றாலையில் 737 மெகாவாட்டும் லிட்டில் பார்ஃபோர்ட் எரிவாயு நிலையமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் போயின, அதிர்வெண் 48.8 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ஸ்டெபிலிட்டி பாத்ஃபைண்டர் என்ற கொள்முதல் திட்டம் இதற்கு முன்பே யோசனையில் இருந்தாலும், முதல் ஒப்பந்தங்கள் 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்டபோது அவற்றின் தேவையை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஐந்து நிறுவனங்களிடமிருந்து 12.5 கிகாவோல்ட்-ஆம்பியர்-விநாடி இனர்ஷியாவை ஆறு ஆண்டுகளுக்கு வாங்க 328 மில்லியன் பவுண்டு ஒதுக்கப்பட்டது. இனர்ஷியா என்ற ஒன்றை மட்டும் அளந்து, விலை குறித்து, ஒப்பந்தம் போட்டு வாங்கியதுதான் இதில் புதுமை. வென்றவர்களில் புதிய இயந்திரம் நிறுவியவர்களும் இருந்தார்கள். ஸ்காட்லாந்தில் பழைய குருஆகன் நீரேற்று நிலையத்தின் சுழலியைக் காற்றில் சுற்றவிட்டுச் சம்பாதித்தவர்களும் இருந்தார்கள். 2022-இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் கட்டத்தில், சிங்க்ரோனஸ் கண்டென்சர்களோடு, தாமே வோல்டேஜை நிறுவக்கூடிய கிரிட் ஃபார்மிங் பேட்டரிகளும் சரிபாதியாக ஒப்பந்தம் பெற்றன. பேட்டரி இவற்றை ஒழித்துவிடுமா என்ற கேள்விக்கு இந்தச் சரிபாதி ஒரு நல்ல அடையாளம்; அந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

ஸ்பெயினில் நடந்தது வேறு வகை. 2025 ஏப்ரல் 28 நண்பகலுக்குச் சற்றுப் பின் ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகியவற்றின் பெருநிலப்பகுதி முழுவதுமாக இருண்டது. இனர்ஷியா போதவில்லை என்று முதல் நாளே பலரும் தீர்ப்பு எழுதினார்கள். ஆனால் விசாரணையில் தெரியவந்தது, வோல்டேஜ் கட்டுமீறி ஏறியதால் நிலையங்கள் ஒவ்வொன்றாகத் துண்டித்துக்கொண்டன, துண்டிப்பு ஒவ்வொன்றும் வோல்டேஜை இன்னும் ஏற்றியது என்பதுதான். ஐரோப்பாவில் மிகை வோல்டேஜ் சங்கிலியாகப் பரவித் தொகுப்பையே வீழ்த்தியது இதுவே முதல் முறை. ஸ்பெயினின் விதிகளின்படி சூரிய, காற்றாலை நிலையங்கள் ஒரு நிலையான பவர் ஃபேக்டரில், அதாவது வோல்டேஜ் எப்படி மாறினாலும் ரியாக்டிவ் பவரை உற்பத்தியோடு ஒரே விகிதத்தில் வைத்து, ஓடினால் போதுமானதாக இருந்தது. வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் வேலை அவற்றுக்குத் தரப்படவில்லை. அவற்றின் இன்வெர்ட்டர்களுக்கு அந்தத் திறன் இல்லாமலில்லை, விதிதான் அதைக் கேட்கவில்லை. சில வாரங்களிலேயே விதி திருத்தப்பட்டது. கருவி விற்பவர்கள் இந்தப் பகுதியைச் சொல்லத் தயங்குவார்கள் என்பதால் நான் அழுத்திச் சொல்கிறேன்: விதிமாற்றம் எப்போதும் சந்தையைப் பெருக்கும் என்று நினைக்கக் கூடாது. ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ள ஆயிரக்கணக்கான இன்வெர்ட்டர்களிடம் வேலை வாங்க முடிந்தால், வாங்க வேண்டிய ஸ்டாட்காம்களின் எண்ணிக்கை குறையும்.

இனி இந்தியா. இங்கே நம் பிரச்சினையில் வோல்டேஜே முதலில் நிற்கிறது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியாகத் தென்மண்டலம் இணைந்ததிலிருந்து நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் ஓடும் தொகுப்பாகிவிட்டது. 2024 மே 30 அன்று உச்ச மின்தேவை 250 கிகாவாட்டைத் தொட்டது. இவ்வளவு பெரிய தொகுப்பில், நிலக்கரி நிலையங்கள் பெரும்பங்கு வகிக்கும்வரை, மொத்த இனர்ஷியா இப்போதைக்குக் கவலை தருவதாக இல்லை. ஆனால் ராஜஸ்தானின் பட்லா, ஃபதேகர், பிகானேர் பகுதிகளில் பாலைவனத்தின் நடுவே பல ஆயிரம் மெகாவாட் சூரிய மின்சாரம் குவிந்திருக்கிறது. அருகில் பெரிய அனல் நிலையம் எதுவும் இல்லாத, பொறியாளர்கள் 'வீக் கிரிட்' என்று சொல்லும் இடங்கள் அவை.

அங்கு ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று பார்த்தால் பிரச்சினை கண்ணுக்குத் தெரியும். நண்பகலில் 765 கிலோவோல்ட் தடங்கள் நிறைந்து ஓடும், நிறைந்த தடம் ரியாக்டிவ் பவரை விழுங்கும், வோல்டேஜ் இறங்கும். மாலையில் சூரியன் இறங்கியதும் அதே தடங்கள் ஏறத்தாழக் காலியாகிவிடும். காலியான 765 கிலோவோல்ட் தடம் தானே ஒரு கெபாசிட்டராக மாறி, கிலோமீட்டருக்குச் சுமார் 2.5 மெகாவார் உற்பத்தி செய்யும். 300 கிலோமீட்டர் தடம் என்றால் 750 மெகாவார். துணைமின்நிலையங்களில் இதை உறிஞ்சுவதற்கென்று வைத்த கம்பிச்சுருள்களான ரியாக்டர்கள் ஓரளவு உறிஞ்சினாலும் வோல்டேஜ் ஏறும். குளிர்கால இரவுகளில் வோல்டேஜை அடக்குவதற்காக, நன்றாக உள்ள உயர் அழுத்தத் தடங்களையே கையால் திறந்துவைப்பது நம் மின்சுமை அனுப்புகை மையங்களில் வாடிக்கையான வேலை. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய தடத்தை இரவில் அணைத்துவைத்தால் தொகுப்பின் நம்பகத்தன்மையும் அந்த இரவு குறைகிறது. பகலில் எங்காவது ஒரு ஷார்ட் சர்க்யூட் நேர்ந்து வோல்டேஜ் குலுங்கினால், 1,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட சூரிய மின்சாரம் ஒரே நேரத்தில் விலகிப்போன நிகழ்வுகள் ராஜஸ்தானில் 2022 முதல் பலமுறை நடந்திருக்கின்றன. ரியாக்டரையும் கெபாசிட்டரையும் சுவிட்ச் போட்டு இணைக்கும் முறை இரவு பகல் மாற்றத்துக்குப் போதும். மில்லி விநாடிகளில் குலுங்குவதற்குப் போதாது. எனவேதான் பட்லா-2, ஃபதேகர்-2, பிகானேர்-2 துணைமின்நிலையங்களில் ±300 மெகாவார் அளவிலான ஸ்டாட்காம்கள் திட்டமிடப்பட்டன. குஜராத்தின் காவ்டாவில் 30 கிகாவாட் புதுப்பிக்கத்தக்க எரிசக்திப் பூங்காவுக்கும் இதே மருந்துதான்.

இதற்கான பணம் எங்கிருந்து வருகிறது? 2024 அக்டோபரில் வெளியான தேசிய மின்சாரத் திட்டத்தின் கடத்தல் பகுதி, 2032 வரை 9.15 லட்சம் கோடி ரூபாய் முதலீட்டைக் கணக்கிட்டிருக்கிறது. கடத்தல் தடங்கள் சுமார் 4.85 லட்சம் சர்க்யூட் கிலோமீட்டரிலிருந்து 6.48 லட்சமாக வளர வேண்டும். ஸ்டாட்காம்கள் இந்தத் திட்டங்களின் ஓர் உறுப்பாக, கடத்தல் நிறுவனத்தின் சொத்தாக வாங்கப்படுகின்றன. அந்தச் செலவு கடத்தல் கட்டணத்தில் சேர்ந்து எல்லா மாநிலங்களின் மீதும் விழுகிறது. அதாவது நாம் தென் ஆஸ்திரேலியாவின் முதல் வழியில் இருக்கிறோம். பிரிட்டனின் வழி இங்கு இன்னும் திறக்கவில்லை. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2022 துணைச் சேவை விதிகள் அதிர்வெண்ணைச் சரிசெய்யும் இருப்புத் திறனுக்கு விலை வைக்கின்றன. இனர்ஷியாவுக்குத் தனி விலை வைக்கவில்லை. ரியாக்டிவ் பவருக்கு மாநிலங்கள் கொடுத்து வாங்கும் கட்டணம் யூனிட்டுக்குச் சில காசுகள்தான். அதை நம்பி யாரும் ஒரு கருவியை முதலீடு செய்து நிறுவ மாட்டார்கள். என் கணிப்பில், இந்தியாவில் இந்தச் சந்தை அடுத்த சில ஆண்டுகளுக்கு டெண்டர் சந்தையாகவே இருக்கும். சேவைச் சந்தையாக மாறுவது ஆணையம் எப்போது விலை வைக்கிறது என்பதைப் பொறுத்தது.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் புதிதன்று. 1990-களில் முப்பந்தலிலும் பாலக்காட்டுக் கணவாயின் வாய்ப்பகுதியிலும் நட்ட காற்றாலைகளில் பெரும்பாலானவை சாதாரண இண்டக்ஷன் ஜெனரேட்டர் வைத்தவை. அவை மின்சாரம் தரும்போதே தொகுப்பிலிருந்து ரியாக்டிவ் பவரை இழுக்கும். அளவுக்கு மேல் இழுத்தால் கட்டணம் என்று வாரியம் விதித்ததும், காற்றாலை அடியில் கெபாசிட்டர் பேங்க் சரியாக இருக்கிறதா என்று உரிமையாளர்கள் பார்க்கத் தொடங்கியதும் அந்தக் காலத்துக் கதை. சிறிய அளவில் பார்த்தால் அதுவும் விதியால் பிறந்த சந்தைதான். பின்னர் பவர்கிரிட் நிறுவனம் தென்மண்டலத்தில் ஸ்டாட்காம்கள் நிறுவத் தேர்ந்தெடுத்த இடங்களில் உடுமலைப்பேட்டையும் திருச்சியும் இருந்தன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்தப் பக்கத்துத் தடங்களில் ஏறி இறங்கும் காற்றாலை மின்சாரத்தை நினைத்தால் தேர்வின் நியாயம் புரியும். 2021-இல் தொடங்கிவைக்கப்பட்ட புகளூர்–திருச்சூர் 2,000 மெகாவாட் நேர்மின் இணைப்பு, வோல்டேஜ் சோர்ஸ் கன்வெர்ட்டர் முறையில் இந்தியாவில் அமைந்த முதல் இணைப்பு. அதன் இரு முனைகளும் மின்சாரம் கடத்துவதோடு, ஸ்டாட்காம் செய்யும் வேலையையும் சேர்த்துச் செய்ய வல்லவை. ஆகவே எதிர்காலத்தில் இத்தகைய நேர்மின் இணைப்பு வரும் இடங்களில் தனி ஸ்டாட்காமுக்கான தேவை ஓரளவு குறையும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பேட்டரிக்கு வருவோம். பேட்டரியின் விலைச்சரிவு வியக்கத்தக்கது. இந்திய சூரிய ஆற்றல் கழகம் 2022-இல் நடத்திய ஏலத்தில் மாதத்துக்கு மெகாவாட் ஒன்றுக்கு 10.84 லட்சம் ரூபாய்க்கு வந்த வாடகை, 2025-இல் பல மாநில ஏலங்களில் இரண்டு லட்சத்தை ஒட்டிய அளவுக்கு இறங்கிவிட்டது. இரண்டாண்டுக்கு முன் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அந்தப் பேட்டரியின் இன்வெர்ட்டரை கிரிட் ஃபார்மிங் முறையில் வடிவமைத்தால், தொகுப்பைப் பின்தொடராமல் தானே வோல்டேஜை நிறுவி, சுழலியைப் போல நடந்துகொள்ளும். ஹார்ன்ஸ்டேல் பேட்டரி 2022 முதல் இவ்வாறு இனர்ஷியா தருகிறது. அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலிய அரசு முகமையான அரீனா, இத்தகைய எட்டு பெரும் பேட்டரிகளுக்கு 176 மில்லியன் டாலர் உதவி அறிவித்தது. எப்படியும் மாலை நேர மின்சாரத்துக்காகப் பேட்டரி வாங்கப்போகிறோம் என்றால், சற்றுக் கூடுதல் செலவில் நிலைப்படுத்தும் வேலையையும் அதனிடமே வாங்குவது புத்திசாலித்தனம். ஸ்டாட்காம் சந்தைக்கு நீண்டகாலத்தில் வரக்கூடிய உண்மையான போட்டி இதுதான்.

ஆனாலும் சுழலும் இயந்திரத்தை அது முழுவதும் அகற்றிவிடும் என்று நான் கருதவில்லை. பழுதின்போது சிங்க்ரோனஸ் கண்டென்சர் தன் வழக்கமான மின்னோட்டத்தைப் போல் ஐந்தாறு மடங்கு தரும். இன்வெர்ட்டரில் உள்ள குறைக்கடத்திச் சில்லுகள் அதில் சிறு பகுதியைத் தாங்குவதற்குள் சூடேறிவிடும். நாடு முழுவதும் உள்ள பாதுகாப்பு ரிலேக்கள் பெரிய பழுது மின்னோட்டத்தை எதிர்பார்த்தே அமைக்கப்பட்டவை. அவற்றையெல்லாம் மாற்றுவதைவிடச் சில இடங்களில் கண்டென்சர் வைப்பது மலிவு. இரண்டுக்கும் நடுவே, சூப்பர்கெபாசிட்டர் இணைத்து ஓரிரு விநாடி ஆற்றலும் தரக்கூடிய ஸ்டாட்காம்களை ஜெர்மனியின் கடத்தல் நிறுவனங்கள் வாங்கத் தொடங்கியிருக்கின்றன. இந்தியத் திட்ட ஆவணங்களிலும் சிங்க்ரோனஸ் கண்டென்சர் என்ற சொல் இடம்பெற ஆரம்பித்துவிட்டது. எது எங்கே வெல்லும் என்பது அந்தந்த இடத்தின் குறையைப் பொறுத்தது: வோல்டேஜ் மட்டும் குறை என்றால் ஸ்டாட்காம், பழுது மின்னோட்டம் குறை என்றால் கண்டென்சர், ஆற்றலும் சேர்ந்து வேண்டுமென்றால் பேட்டரி.

விற்பவர்கள் பக்கம் கதை சுருக்கமானது. ஹிட்டாச்சி எனர்ஜி, சீமென்ஸ் எனர்ஜி, ஜிஇ வெர்னோவா ஆகிய மூவரும் சீனாவுக்கு வெளியே பெரும்பகுதி ஆர்டர்களைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஜப்பான், கொரிய நிறுவனங்களும் பெல் நிறுவனமும் இருக்கின்றன. சென்னைக்கு இதில் எதிர்பாராத முக்கியத்துவம் கிடைத்திருக்கிறது: ஹிட்டாச்சி எனர்ஜியின் நேர்மின் மற்றும் மின்தரக் கருவித் தொழிற்சாலை 2022-இல் இங்கு வந்தது, ஜிஇ வெர்னோவாவின் பழைய பல்லாவரம் ஆலையும் இங்கேதான். இன்றைய தடை தேவைக் குறைவு இல்லை, கொடுக்க முடியாமைதான். பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு நான்கு ஆண்டு வரை காத்திருக்க வேண்டிய நிலை உலகெங்கும் உள்ளது. ஸ்டாட்காமும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொகுப்போடு இணையாது. ஆர்டர் புத்தகம் நிரம்பியிருப்பதைப் பார்த்து மட்டும் பங்கு வாங்குபவர்கள், அந்த ஆர்டர் எந்த ஆண்டில் வருமானமாக மாறும் என்பதையும் பார்க்க வேண்டும்.

தேவைப் பக்கத்திலிருந்து இன்னொன்றும் வந்துகொண்டிருக்கிறது. 2024 ஜூலையில் அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் ஒரு தடத்தில் தொடர்ந்து ஏற்பட்ட பழுதுகளால் வோல்டேஜ் குலுங்கியபோது, சுமார் 60 டேட்டா சென்டர்கள் ஒரே நேரத்தில் தம் சொந்த யுபிஎஸ்ஸுக்கு மாறிக்கொண்டன. தொகுப்பிலிருந்து 1,500 மெகாவாட் சுமை சட்டென்று மறைந்தது. தென் ஆஸ்திரேலியாவில் உற்பத்தி மறைந்ததுபோல இங்கே நுகர்வு மறைந்தது. காரணமும் ஒன்றே, குலுக்கலின்போது எத்தனை முறை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கருவிக்குள் எழுதியிருந்த கணக்கு. இதுவரை மின்நிலையங்களுக்கு மட்டும் விதிக்கப்பட்ட தாங்குதிறன் நிபந்தனைகள் இனிப் பெரும் நுகர்வோருக்கும் வரும். சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் எழும் டேட்டா சென்டர்கள் அதற்கு விலக்காக இருக்க முடியாது.

இந்தியச் சந்தையைப் பின்தொடர விரும்புபவருக்கு விலையுயர்ந்த ஆய்வறிக்கை தேவையில்லை. எந்தத் துணைமின்நிலையத்தில் எத்தனை மெகாவார் ஸ்டாட்காம் வரும் என்பதை முதலில் முன்மொழிவது மத்திய கடத்தல் நிறுவனம்; அதைப் பரிசீலிப்பது தேசிய கடத்தல் குழு. அந்தக் குழுவின் கூட்டக் குறிப்புகள் பொதுவில் வெளியாகின்றன. டெண்டர் வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே கருவியும் இடமும் மதிப்பீட்டுச் செலவும் அங்கே பதிவாகிவிடுகின்றன. அவற்றோடு, இணைப்புத் தரநிலைகளுக்கு மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் வரைவுத் திருத்தங்களையும் படிக்க வேண்டும். புதிய பேட்டரிகள் கிரிட் ஃபார்மிங் முறையில்தான் வர வேண்டும் என்ற ஒரு வரி அதில் என்றைக்குக் கட்டாயமாகிறதோ, அன்றைக்கு ஸ்டாட்காம் கணக்குகளை எல்லோரும் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.